தாயார் கடை

எழுத்துக்கூட்டி நான் முதன்முதலாகப் படித்த மலாய்ப் பலகை எங்கள் ஊர் டயர் கடையில் தொங்கியது. தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் 5ஆம் எண் கூட்டரசு சாலையோரத்தில் அந்தக் கடை. ‘கெடாய் தாயார்’ என்று வாசித்துவிட்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தபடியே, “ஏம்ப்பா, இங்க அம்மாவையா விக்கிறாங்க?” என்று கேட்டேன். அப்பா சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் டயர் கடைக்குப் பெயர் ‘தாயார் கடை’தான்.

கடந்த மூன்று சனிக்கிழமைகளும் அப்படிப்பட்ட கடைகளில்தான் எனக்குக் கழிந்தன. தம்பி ஒரு பழைய ஹைலக்ஸ் வாங்கியிருக்கிறான். டயரும் ரிம்மும் மாற்ற வேண்டும். வானொலிக்காரியை ஏன் கூட்டிக்கொண்டு அலைகிறான் என்று கேட்காதீர்கள். எனக்குப் பேச வரும் என்பதால் விலை பேசக் கூட்டிப் போனான். கடையில் என்னவோ எல்லாரும் அவனிடமேதான் பேசினார்கள். நான் கேட்ட கேள்விக்கும் பதில் அவனைப் பார்த்தே வந்தது. பெண்கள் டயர் கடையில் தண்ணீர்ப் போத்தலோடு நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தம்பிக்கு ஃபோர்வீல் ஆசை வந்த நாள் எனக்குத் தெரியும். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. சிலாங்கூர் முழுக்க ஓயாமல் மழை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கீழ்த்தளத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. நான் ஒலிபரப்பு அறையில் இருந்தேன். நேயர்கள் பாட்டுக் கேட்கவில்லை, முகவரிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். “வீட்டில் பாட்டி இருக்கிறார், மாடியில் இருக்கிறோம், போனில் சார்ஜ் தீரப் போகிறது.” அந்த முகவரிகளில் ஒன்று எங்கள் அத்தையுடையது. அதைக் குரல் நடுங்காமல் வாசித்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. தம்பி தன் மைவியை எடுத்துக்கொண்டு கிளம்பி, தண்ணீர் தொடங்கிய இடத்தோடு நின்றுவிட்டான். அதற்கு மேல் போக முடியவில்லை. மறுநாள் யாரோ படகில் அத்தையை மேட்டுச் சாலை வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து தொடையளவு தண்ணீரைக் கடந்து ஒரு பழைய ஃபோர்வீலின் பின்தட்டில் ஏற்றி வந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. பெயர் கேட்பதற்குள் அவர் அடுத்த ஆளை ஏற்றத் திரும்பிப் போய்விட்டார். தம்பி அந்த வண்டியை ஒரு நிமிடம்தான் பார்த்தான். பளபளப்பே இல்லாத வண்டி, சேறு அப்பிய டயர், துருப்பிடித்த இரும்பு ரிம்.

ஆனால் பாருங்கள், பணம் சேர்த்து அவன் வாங்கிய வண்டியில் கண்ணாடிபோல மின்னும் 20 அங்குல ஸ்போர்ட் ரிம்! முந்தைய உரிமையாளர் போட்டது. விற்றவர் அதைக் காட்டியே இரண்டாயிரம் வெள்ளி கூடுதலாகக் கேட்டாராம். வாங்கிய இரண்டாவது வாரம், அப்பாவின் மூன்று ஏக்கர் செம்பனைத் தோட்டத்துக்குள் மழைக்குப் பிறகு குலை ஏற்றப் போயிருக்கிறான். கால்வாய்ப் பாலத்தின் சிமெண்டு விளிம்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதில் டயர் கிழிந்தது, ரிம்மும் வெடித்தது. கழற்றிப் பார்த்தால் ரிம்மின் உட்புறம் ஏற்கனவே ஓரிடத்தில் வெல்டிங் வைத்திருந்த தழும்பு. வெளியே மின்னுவதை மட்டும் பார்த்து வாங்கினால் இதுதான். பழைய ரிம் வாங்குபவர்கள் தயவுசெய்து உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

20 அங்குலம் ஏன் தோட்டத்துக்கு ஆகாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். டயரின் பக்கத்தில் 265/65R17 என்று எழுதியிருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே கணக்கில் மூன்று அளவுகளைப் பாருங்கள். 265/50R20, 265/65R17, 265/70R16 மூன்றும் தரையில் நிற்கும்போது ஏறக்குறைய ஒரே உயரம்: 773, 776, 777 மில்லிமீட்டர். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 20 அங்குல ரிம்மில் ரப்பர் சுவரின் உயரம் 132 மில்லிமீட்டர்தான். 16 அங்குல ரிம்மில் 185. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் மெத்தை. கால்வாய் விளிம்பில் தம்பிக்கு இல்லாமல் போனது அந்த ஐந்து சென்டிமீட்டர்தான்.

இதை ஒரு தாளில் வரைந்து காட்டியதும் பையன் மனம் மாறினான். மாறியவன் நேராக எதிர்ப்பக்கம் போய்விட்டான். “அக்கா, அப்பன்னா 33 அங்குலம் மட் டயரே போட்டுருவோம். ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் வண்டி மாதிரி நிக்கும்.”

ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் தெரியும்தானே? 1997இல் லூயிஸ் வீ தொடங்கியது. ஆண்டின் கடைசியில் பருவமழை கொட்டும்போது, வேண்டுமென்றே காட்டுக்குள் வண்டியை ஓட்டிப் போகும் பந்தயம். அந்த வண்டிகளின் டயர் பூவைப் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். (டயரின் வரிகளை மலாயில் ‘பூங்ஙா’ என்பார்கள். நம் மெக்கானிக்குகளும் பூ என்றுதான் சொல்கிறார்கள். பூ தேய்ந்து வழவழப்பானால் ‘போத்தாக்’, அதாவது மொட்டை. டயரைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேசும் ஊர் வேறெங்கும் உண்டா?) தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்கில் உருவான நம் நாட்டு சில்வர்ஸ்டோன் டயர்கள் அந்தச் சேற்றுப் பந்தய உலகத்தில் பேர் வாங்கியவை. அந்த வண்டிகள் அப்படி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தம்பியின் வண்டிக்கு அந்தக் காரணம் இருக்கிறதா?

அவன் திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்கு எஸ்கேவிஇ நெடுஞ்சாலையில் போகிறான். மாதத்தில் இரண்டு முறை தோட்டத்துக்குள் குலை ஏற்றப் போகிறான். ஆண்டுக்கு ஓரிரு முறை வெள்ளம் வந்தால் யாரையாவது ஏற்றி வர வேண்டியிருக்கலாம். ஆக, வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பங்கு தார்ச்சாலை. மட் டயர் சேற்றில் ராஜா. பெரிய பெரிய கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி இருப்பதால், சக்கரம் சுற்றும்போது சேற்றை வெளியே வீசிவிட்டு மறுபடி பிடிக்கும். அதே இடைவெளிதான் ஈரமான தார்ச்சாலையில் எதிரி. தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் அதிகம். காதுக்குள் தேனீக் கூடு வைத்ததுபோலச் சத்தம் வேறு. வானொலி கேட்க முடியாது என்று நான் சொன்னதைத் தம்பி ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

உயரத்தைக் கூட்டினால் வேறு தொல்லைகளும் சேர்ந்து வரும். 285/75R16 போட்டால் வெளிவிட்டம் 834 மில்லிமீட்டர். பழைய அளவைவிட ஏழு விழுக்காடு அதிகம். மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இனி அது 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107இல் போகும். கேமராவுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சக்கரம் பெரிதானால் இஞ்சினின் இழுவை குறையும். சுமையோடு மேடு ஏறும்போது தெரியும். பிரேக்குக்கும் வேலை கூடும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும், உரசாமல் இருக்க வண்டியைத் தூக்க வேண்டும், தூக்குவதற்கு ஜேபிஜே அனுமதிக்கு அலைய வேண்டும். ஒரு டயரில் தொடங்கிய செலவு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

ஊர் மண்ணையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம், கேரித் தீவு வரைக்கும், கடற்கரைக் களிமண். காய்ந்தால் கல், நனைந்தால் சோப்பு. மேல்மட்டம் வழுக்கினாலும் கொஞ்சம் கீழே கெட்டியான தரை உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் டயர் அகலமாக இருப்பதைவிட, ஓரளவு ஒடுக்கமாக இருந்து மேல் சேற்றை வெட்டி அடித்தரையைப் பிடிப்பதுதான் நல்லது. உள்பக்கம் தள்ளிப் போனால் கோல லங்காட்டின் கரிச் சதுப்பு மண். அங்கே கீழே கெட்டித் தரை என்று ஒன்று லேசில் கிடைக்காது. மிதக்க வேண்டும், அதற்கு அகலம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே டயர் சொல்பவர் டயரை விற்கிறார் என்று அர்த்தம். செம்பனைத் தோட்டத்தில் இன்னொரு வில்லன் உண்டு, மட்டை முள். வெட்டிப் போட்ட மட்டையின் காம்பில் இருக்கும் முள், டயரின் பூவை ஒன்றும் செய்யாது. பக்கச்சுவரில் நுழைந்தால் கதை முடிந்தது. பக்கச்சுவரில் விழும் ஓட்டையை ஒட்டுப் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது. அதனால் தோட்டத்துக்குப் போகும் வண்டிக்குப் பூவைவிட முக்கியம், பக்கச்சுவர் எத்தனை கெட்டி என்பது. டயரில் 6 பிஆர், 8 பிஆர், 10 பிஆர் என்று எழுதியிருப்பதைத் தேடிப் பாருங்கள். எண் கூடக்கூட டயர் கெட்டி. கெட்டியான டயரில் பயணம் கொஞ்சம் தூக்கிப் போடும், அது வேறு விஷயம்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 112எஸ் என்று இருந்தால், அந்த ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும் என்று பொருள். தம்பியின் பளபளப்பு ரிம்மில் இருந்த டயர் 107. அது 975 கிலோ. பின்சக்கரம் இரண்டில் மட்டும் 290 கிலோ குறைவு. ஒரு குலை 20 கிலோ என்றால், 14 குலைக்கு மேல் வித்தியாசம் வருகிறது!

ரிம்முக்கு வருவோம். ஹைலக்ஸ், ரேஞ்சர் இரண்டுக்கும் ஆறு நட்டு, நட்டுகள் நிற்கும் வட்டம் 139.7 மில்லிமீட்டர். அதனால் ஒன்றின் ரிம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று கடையில் அடித்துச் சொல்வார்கள். நடு ஓட்டையை அளந்து பாருங்கள். ஹைலக்ஸுக்கு 106.1, ரேஞ்சருக்கு 93.1. ரேஞ்சரின் ரிம் ஹைலக்ஸில் உட்காரவே உட்காராது. ஹைலக்ஸின் ரிம் ரேஞ்சரில் தொளதொளவென்று உட்காரும், வளையம் போடாவிட்டால் வண்டி நடுங்கும். அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து நட்டுப் பிடிக்கும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற எண். +30 இருந்த இடத்தில், அதே அகலத்தில் 0 போட்டால் சக்கரம் 30 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். பேரிங் சீக்கிரம் தேயும், பின்னால் வருபவர் கண்ணாடியில் கல் அடிக்கும். மட்கார்டைத் தாண்டி டயர் துருத்திக்கொண்டிருந்தால் ஜேபிஜே சம்மனும் வரும். இரும்பா அலுமினியமா என்று கேட்டால், தோட்டத்துக்கு இரும்புக்கே என் ஓட்டு. இரும்பு வளையும், தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். அலுமினியம் வெடிக்கும். அழகு போதாது என்று தம்பி முகத்தைச் சுளித்தான். அன்று அத்தையை ஏற்றி வந்த வண்டியின் ரிம் எது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் காருக்கு ‘புதுசு மாதிரியே’ இருந்த நான்கு டயர்களை மலிவு விலையில் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். பூ ஆழமாக இருந்தது, கறுப்பு மை பூசிப் பளிச்சென்று இருந்தது. ஒரு மாதம் கழித்து, இரவு நிகழ்ச்சி முடித்து எஸ்கேவிஇயில் ஊருக்குப் போகும்போது, பின்டயரின் பூ மட்டும் தோல்போல உரிந்து காரின் அடியில் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்தில் அப்பா. கிளினிக்கிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். மழை, இருட்டு, பின்னால் ஒரு கொள்கலன் லோரி. எப்படி ஓரத்துக்கு வந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மறுநாள் நம்மூர் தவுக்கே டயரைப் புரட்டிப் பார்த்து, நான்கு எண்களில் விரலை வைத்தார். 1409. “தாயார் தூவா,” என்றார், பழைய டயராம். 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. நான் வாங்கியபோது அதற்கு வயது எட்டுக்கு மேல்.

டயரின் பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அவை. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஐந்து வருடம் ஆனால் ஆண்டுக்கொரு முறை சோதிக்கச் சொல்கிறார்கள்; பத்து வருடம் ஆனதைப் பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே குற்றம். பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். பூ அந்த மேட்டளவுக்குத் தேய்ந்தால் நேரம் முடிந்தது. எண்கள் உள்பக்கம் திரும்பியிருந்தால் கடைக்காரரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு வேறொன்று சொன்னார். அவருடைய அம்மா, எங்கள் பாட்டி, விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர். அந்தப் பால் எங்கே போகிறது என்று யாரோ கேட்டதற்கு, “வெள்ளைக்காரன் கார் சக்கரத்துக்கு” என்றாராம். டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கியது 1888இல். அதே வருடம்தான் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டு, ரப்பர் நடச் சொல்லித் தோட்டக்காரர்களை நச்சரித்தவர். அந்த டயருக்காக நட்ட மரங்களை வெட்டத்தான் நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். இன்றும் சின்னக் காரின் டயரைவிட லோரி டயர், காட்டு வண்டி டயரில்தான் இயற்கை ரப்பர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். சூடும் கிழிசலும் தாங்குவதற்காக. பாட்டி வெட்டிய காடு இப்போது செம்பனை. 1972இல் ஷா ஆலாமில் தொடங்கிய குட்இயர் தொழிற்சாலையும் 2024 ஜூனோடு மூடிவிட்டது; ஏறக்குறைய 550 பேர் வேலை இழந்தார்கள். டயர் எந்த ஊரில் செய்தது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

கடைசியில் மூன்றாவது சனிக்கிழமை, மூன்றாவது கடையில் முடிவானது. 265/70R16, ஆல்-டெரெய்ன் வகை, 8 பிஆர், இரும்பு ரிம். 16 அங்குலம் பிரேக் கேலிப்பரில் இடிக்கிறதா என்று தவுக்கே ஒரு வெற்று ரிம்மை மாட்டிச் சுற்றிக் காட்டிய பிறகே பணம் எடுத்தோம். டயர் ஒன்று 500 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. நான்கின் எண்ணையும் நானே குனிந்து படித்தேன். எல்லாம் அந்த வருடத்தில் செய்தவை. ஐந்தாவதாக ஒன்றும் அதே அளவில் வாங்கினோம். ஸ்பேர் டயர் வேறு அளவில் இருந்தால் தோட்டத்துக்குள் மாட்டி என்ன பயன்? இந்தத் தவுக்கே என்னைப் பார்த்துப் பேசினார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வரச் சொன்னார். போனோம்.

அடுத்த ஞாயிறு தோட்டம். இரவெல்லாம் மழை. உள்ளே நுழையுமுன் தம்பி இறங்கி நான்கு டயரிலும் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினான். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிக்கும். அதற்காக ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், பக்கச்சுவர் பிதுங்கி முள்ளுக்கும் வசதியாகிவிடும். மட்டை கிடக்கும் வரிசையை விட்டு நடுப்பாதையிலேயே போனான். அதே கால்வாய்ப் பாலம். முன்சக்கரம் ஏறியது, டயர் நசுங்கியது, இறங்கியது. அப்பா இறங்கி விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குலை பொறுக்கப் போய்விட்டார். ஏற்றத் தொடங்குமுன் பின்டயர் இரண்டுக்கும் காற்றைக் கூட்ட வேண்டும், சுமையோடு 20இல் ஓட்டக் கூடாது. சின்னக் கம்ப்ரஸர் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒரு டயருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கிறது. கொசு கடித்துத் தள்ளுகிறது.

பழைய மூன்று பளபளப்பு ரிம்கள் வீட்டு வாசலில் கிடக்கின்றன. வாங்க ஆள் வந்தால், உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டித்தான் விற்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அத்தை இப்போதைக்கு அதில் ஒன்றின்மேல் ரோஜாத் தொட்டியை வைத்திருக்கிறார்.